படம் போட்டவர் யார்?

தமிழ் நாட்டில் எந்த வீட்டிலாவது நுழைந்து, "தில்லானா மோகனாம்பாள் கதையை எழுதியவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் வயதானவர்களாயிருந்தால், "கொத்தமங்கலம் சுப்பு" என்று உடனே பதில் சொல்லிவிடுவார்கள். 'கலைமணி' என்ற புனைபெயரில் அவர் அதை எழுதினார் என்றுகூட ஒருவர் எடுத்துச் சொல்லித் தமது ஞாபக சக்தியைப் பிரகாசப்படுத்திக் கொள்வார். "சினிமாவில் நடித்தவர்கள் யார்?" என்று கேட்டாலோ, வீடு முழுவதுமே பதில் சொல்லும். சிவாஜி கணேசன், பத்மினி, பாலையா, நாகேஷ் என்று கூடத்தில் அடுக்கிக்கொண்டு போகும்போதே, "மனோரமாவை விட்டுவிட்டீர்களே!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். படத்தை எடுத்தவர் ஏ. பி. நாகராஜன் என்பதும், வெளிவந்த வருஷம் 1968 என்பதும் பலருக்கு மனப்பாடம்.

"எல்லாம் சரி, அந்தக் கதை பத்திரிகையில் வாரா வாரம் வந்து கொண்டிருந்ததே, அப்போது அதற்குப் படம் போட்டவர் யார்?" என்று மட்டும் கேட்டு விடாதீர்கள். கேட்டால் வீட்டில் நிசப்தம் குடிகொள்ளும். ஒருவர் விட்டத்தைப் பார்ப்பார். இன்னொருவர், "யாரோ பெரிய ஆள்தான், பெயர் தொண்டையிலேயே இருக்கிறது" என்பார். தொண்டையில் இருக்கும் அந்தப் பெயர் நாக்குக்கு வருவதற்குள் காப்பி ஆறிப் போய்விடும்.

அந்தப் பெயர் கோபுலு. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டானதற்குக் காரணம், நான் நாவலூருக்குக் குடி வந்ததுதான்.

நாவலூர் என்றதும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவதரித்த திருநாவலூரை நினைத்துக் கொண்டு கன்னத்தில் போட்டுக் கொள்ள வேண்டாம். அந்தத் திவ்ய க்ஷேத்திரம் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. இது சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையில், தாழம்பூருக்கும் சிறுசேரிக்கும் அருகிலுள்ள நாவலூர். ஒரு காலத்தில் நாவல் மரங்கள் இருந்திருக்க வேண்டும் என்று பெயரை வைத்து ஊகிக்கலாம். இப்போது மரங்களுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கட்டிடங்கள் வளர்ந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளும் பெண்களும் இரவென்றும் பகலென்றும் பாராமல் அவற்றுக்குள் போவதும் வருவதுமாயிருக்கிறார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன். அவனோடு வந்து இருப்பதென்று தீர்மானமான பிறகு, மாம்பலத்தில் ஐம்பது வருஷமாக வாடகை கொடுத்து வந்த பழைய வீட்டைக் காலி செய்தோம்.

காலி செய்யும்போதுதான் சங்கடம் வந்தது. அந்த வீட்டுப் பரணில் என் தாயார் சேர்த்து வைத்த தொடர்கதைப் புஸ்தகங்கள் இருபத்து மூன்று இருந்தன. புஸ்தகம் என்றால் கடையில் வாங்கிய புஸ்தகம் அல்ல. வாரப் பத்திரிகை வந்து, வீட்டில் எல்லாரும் படித்து, அடுத்த வீட்டுக்கும் போய்த் திரும்பிய பிறகு, அம்மா அதன் நடுவிலுள்ள கம்பியை வெகு பக்குவமாக நிமிர்த்தித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் எடுத்துத் தகரப் பெட்டியில் அடுக்குவாள். கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிக்கோ துணி போட்டுக் கட்டி வாங்குவாள். அந்தப் பக்கங்களின் பின்புறத்தில் வேறு யாரோ எழுதிய சிறுகதையின் பாதி இருக்கும். தலைவலித் தைலத்தின் விளம்பரம் இருக்கும். கேள்வி ஒரு பக்கமும் பதில் காணாமற் போனதுமாய் ஒரு ஹாஸ்யத் துணுக்கு இருக்கும். இப்படிப்பட்ட புஸ்தகங்கள் ஒரு காலத்தில் தமிழ் நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்தன. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்றிரண்டு இருக்கக்கூடும்.

ஒத்தாசைக்கு வந்த என் தம்பி மூட்டையைப் பார்த்தான். தூசியினால் இரண்டு தும்மல் போட்டான்.

"அண்ணா! இதையெல்லாம் நாவலூருக்குக் கொண்டு போய் எங்கே வைக்கப் போகிறாய்? அங்கே பரணே கிடையாதே! இந்தக் கதைகளெல்லாம் புதிசாய் அச்சுப் போட்டுக் கடையில் விற்கிறான். செல்போனில்கூடப் படிக்கலாம். பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டு நிம்மதியாய் இரு" என்றான்.

தம்பி சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அவன் பையில் அதே கதையின் புதுப் பதிப்பு ஒன்றுகூட இருந்தது. நான் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். எழுத்து எழுத்தாகக் கதை முழுவதும் இருந்தது. ஆனால் ஒரு படமாவது, ஒரு கோடாவது இல்லை. படம் போட்டவரின் பெயரும் இல்லை.

"இரு, பாதிக் கதையைத்தான் நீ வாங்கி வந்திருக்கிறாய்" என்றேன். தம்பி சிரித்தான். நான் சொன்னது வாஸ்தவம் என்பதை அவனுக்கு எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அந்தச் சித்திரக்காரரின் சரித்திரத்திலிருந்தே ஆரம்பிப்பது நல்லது.

தமிழ்ப் பத்திரிகையில் சித்திரத்துக்கு இடம் கொடுத்த பெருமையில் பெரும் பங்கு நம் பாரதியாரைச் சேர்ந்தது. 1906-ஆம் வருஷத்தில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அரசியல் விகடச் சித்திரங்களை அவர் வெளியிடச் செய்தார். ஆயிரம் வார்த்தைகள் செய்யாத காரியத்தை ஒரு கேலிப் படம் செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துச் சிரிப்பான். சிரித்தவன் பிறகு வெள்ளைக்காரத் துரையைப் பார்த்துப் பயப்படுவது கஷ்டம் அல்லவா? பின்னர் 1926-இல் ஆனந்த விகடன் பிறந்து, 1928-இல் எஸ். எஸ். வாசன் அவர்களின் கைக்கு வந்தது. அந்தப் பத்திரிகையில் 'மாலி' என்ற மேதை தோன்றினார். சங்கீத வித்வான்கள் மேடையில் உட்கார்ந்து பாடும்போது முகம் எப்படியெல்லாம் போகிறது என்பதை மாலி நாலு கோட்டில் பிடித்துப் போட்டுவிடுவார். தமக்குப் பின்னால் ஒரு சிஷ்ய பரம்பரையையும் அவர் உண்டாக்கினார். ராஜு, சில்பி, கோபுலு ஆகிய மூவரும் மாலியிடமிருந்து உற்சாகம் பெற்று வளர்ந்தவர்கள்.

கோபுலு 1924-ஆம் வருஷம் ஜூன் மாதம் 18-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோபாலன். தஞ்சாவூரில் பிறந்த பையனுக்குச் சித்திரத்தில் ஆசை உண்டாவது ஆச்சரியமில்லை. பெரிய கோயில் ஒரு பக்கம், அரண்மனை ஒரு பக்கம், தெருவில் போகும் மனிதர்கள் ஒரு பக்கம் என்று கண்ணுக்கு விருந்து எப்போதும் காத்திருக்கும் ஊர் அது. கோபாலன் கும்பகோணத்துச் சித்திரக் கலாசாலையில் முறையாகப் பயிற்சி பெற்றார். பிறகு மாலியைப் பார்க்கச் சென்னைக்கு வந்தார்.

தம்மைத் தேடி வந்த பையனை மாலி உபதேசம் செய்து திருப்பி அனுப்பிவிடவில்லை. வேலை ஒன்று கொடுத்தார். தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ஸ்ரீராம பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து கொண்டு வரும்படி சொன்னார். அந்தச் சித்திரம் 1941-ஆம் வருஷத்து ஆனந்த விகடன் தீபாவளி மலரில் வெளியாயிற்று. கோபாலன் என்ற பெயரைக் கோபுலு என்று மாற்றியவரும் மாலிதான். ஸ்ரீநிவாசனைச் சில்பியாக்கியதும் அவரே. மனிதர்களுக்குப் பெயர் வைப்பதிலும் அவருக்கு ஒரு கோட்டுச் சித்திரக்காரரின் சிக்கனம் இருந்தது போலும்!

1945-ஆம் வருஷத்தில் கோபுலு விகடன் காரியாலயத்தில் முழு நேரச் சித்திரக்காரராக அமர்ந்தார். அது முதல் 1963 வரையில் பதினெட்டு வருஷ காலம் அவருடைய தூரிகைக்கு ஓய்வு கிடைத்திருக்காது. தேவன் எழுதிய கதைகளுக்குப் படம், கொத்தமங்கலம் சுப்புவின் கதைகளுக்குப் படம், அட்டைப் படம், நகைச்சுவைப் படம், அரசியல் கேலிச் சித்திரம், தீபாவளி மலருக்கு வர்ணச் சித்திரம் என்று வேலை ஓயாது. ஒருபுறம் நாதஸ்வர வித்வானை வரைய வேண்டும். மறுபுறம் மந்திரியை வரைய வேண்டும். அந்த மை உலர்வதற்குள் மாமியாரையும் மருமகளையும் வரைய வேண்டும்.

பத்திரிகைச் சித்திரம் என்பது எப்படிப்பட்ட வேலை என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அச்சில் கதைப் படங்களைப் பெரும்பாலும் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' எடுத்து அடிப்பார்கள். சித்திரக்காரர் வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையினால், அச்சில் வரப் போகும் அளவை விடப் பெரிதாக வரைந்து கொடுப்பார். அதைப் புகைப்படம் பிடித்து, அளவைக் குறைத்து, தகட்டில் படிய வைத்து, திராவகத்தில் போடுவார்கள். கோடு இல்லாத இடத்தைத் திராவகம் அரித்துவிடும். கோடு மட்டும் மேடாக நிற்கும். அந்த மேட்டில் மை தடவி அச்சடிப்பார்கள். இந்த முறையில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. வெயிலையும் நிழலையும் பட்டுப் புடவையையும் பருத்தித் துண்டையும் கோட்டினாலேயே வித்தியாசப்படுத்திக் காட்ட வேண்டும். போதாதற்குக் காகிதம் மட்ட ரகம். நெருங்கிய கோடுகள் மையில் ஒட்டிக் கொண்டு கரியாகிவிடும். ஆகையால் எந்தக் கோட்டைப் போடலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெரிந்தவரே இந்த உத்தியோகத்தில் நிலைக்க முடியும். இவ்வளவும் வாரா வாரம், அச்சுக்கூடத்துப் பையன் வாசலில் நின்று கொண்டிருக்கும்போது நடக்க வேண்டும்.

கோபுலுவின் கைக்கு அந்த விட்டுவிடும் வித்தை கை வந்திருந்தது. அதை அவருடைய வசனமில்லாத நகைச்சுவைப் படங்களில் பார்க்கலாம். படத்துக்கு அடியில் ஒரு வார்த்தைகூட இராது. சாதாரணமாக ஹாஸ்யத் துணுக்கில், "ஏண்டா, நீ இப்படிச் செய்தாய்?" என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் பதில் சொல்லிச் சிரிக்க வைப்பான். பேச்சை எடுத்துவிட்டால் படத்துக்கு உயிர் இராது. கோபுலுவின் படத்திலோ மனிதர்கள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் நிற்கிற நிலை, இன்னொருவர் திரும்பிப் பார்க்கிற பார்வை, மூலையில் உட்கார்ந்திருக்கும் நாய்க்குட்டியின் காது - இவையே விஷயத்தைச் சொல்லிவிடும்.

எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரிகை வந்ததும் அம்மா கதையை உரக்கப் படிக்க வேண்டும். பாட்டி கேட்டுக் கொண்டிருப்பாள். அம்மாவுக்கு வேலை இருந்தால் பாட்டி காத்திருக்க மாட்டாள். பத்திரிகையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் படத்தைப் பார்ப்பாள். "இந்த வாரம் அந்தக் கடங்காரன் வைத்தி மறுபடியும் வந்துட்டான். மோகனாவுக்கு என்னமோ கஷ்டம் வரப் போகிறது" என்று சொல்லிவிடுவாள். பிறகு அம்மா படிக்கும்போது பாட்டி சொன்னது சரியாகவே இருக்கும். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் எனக்கு ஒரு பக்கம் தாண்டுவதற்குள், பாட்டி கதையின் போக்கையே கண்டுபிடித்துவிடுவது பெரிய அதிசயமாயிருக்கும். பாட்டி படித்தது கலைமணியின் கதையை அல்ல, கோபுலுவின் கதையை என்பது பிற்காலத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

நிற்க. தம்பிக்கு விஷயத்தை எடுத்துக் காட்டியதைச் சொல்கிறேன். மூட்டைகள் எப்படியோ நாவலூர் வந்து சேர்ந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் பேத்தியுடன் வந்தான். அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் 'அனிமேஷன்', அதாவது சித்திரங்களை அசையச் செய்யும் வித்தை, படிக்க வேண்டும் என்று ஆசை. தம்பி புதுப் பதிப்பிலிருந்து ஓர் அத்தியாயம் படித்தான். நாயனக் கச்சேரி நடக்கும் அத்தியாயம். நன்றாகவே படித்தான். படித்து முடித்ததும் பேத்தி கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"தாத்தா, ஒத்து என்றால் என்ன? அதையும் ஊதுவார்களா? தவிலை நின்று வாசிப்பார்களா, உட்கார்ந்தா? இந்தத் திண்ணை என்று வருகிறதே, அது உள்ளே இருக்குமா, வெளியே இருக்குமா?"

அந்தக் குழந்தை மேல் குற்றமில்லை. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கும் மேளக்காரரை அவள் எப்போது நிதானமாகப் பார்த்தாள்? நாவலூரில் பதினாலாவது மாடி வீட்டுக்குத் திண்ணை ஏது? தம்பி ஒவ்வொன்றுக்கும் கையை ஆட்டி விளக்கம் சொல்லப் பார்த்தான். ஒத்தை விளக்குவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிற்று.

நான் ஒன்றும் பேசாமல் அம்மாவின் புஸ்தகத்தைத் திறந்து அதே கட்டத்துப் படத்தை அவள் முன்னால் வைத்தேன். ஐந்து நிமிஷம் அவள் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு, இது நாயனம், இது தவில், இவர் சும்மா பிடித்துக் கொண்டு ஊதுகிறாரே, இவர்தான் ஒத்துக்காரர் என்று தானே விரலை வைத்துச் சொன்னாள். வெற்றிலைப் பெட்டியையும் கூஜாவையும் என்னவென்று கேட்டுத் தெரிந்து கொண்டாள். கேட்கத் தோன்றியதே படத்தைப் பார்த்ததனால்தான்; எழுத்தில் அவை இல்லவே இல்லை.

தொடர்கதை எழுதியவர்கள் படம் உண்டு என்பதை அறிந்தே எழுதினார்கள். 'வைத்தி குழைந்து பேசினான்' என்று எழுத்தாளர் எழுதிவிட்டு மேலே போகலாம். முதுகு எவ்வளவு வளைந்தது, மேல் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு எப்போது இறங்கிற்று, வாய் குழையும்போது கண் எங்கே இருந்தது என்பதையெல்லாம் சித்திரக்காரர் பார்த்துக் கொள்வார். மாட்டு வண்டியின் கூண்டு, கோயில் மண்டபத்துத் தூண், ஜமீன் வீட்டு நாற்காலி, நாட்டியக்காரியின் தலைச் சாமான் ஆகியவற்றைப் பற்றி எழுத்தாளர் ஒரு பக்கம் வர்ணித்தால் கதை நின்றுவிடும். சித்திரக்காரர் வரைந்தால் கதை நிற்காது. கோபுலு தஞ்சாவூர்க்காரர், அந்தக் கதையின் மனிதர்களும் அந்தச் சீமைக்காரர்களே. அவர் சிறு வயது முதல் கண்ணால் கண்ட வீதியும் வீடும் உடையும் நடையும் அந்தப் படங்களில் இருக்கின்றன. அவற்றில் பல இன்று ஊரில் இல்லை, படத்தில்தான் இருக்கின்றன. அந்தப் படங்களை எடுத்துவிட்டு அச்சடிக்கும்போது கதைக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு தேச சரித்திரத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம்.

1968-இல் கதை சினிமாவாக வந்தபோது ஜனங்கள் கொட்டகைக்கு வெறுங்கையாகப் போகவில்லை. சிக்கல் சண்முகசுந்தரம் எப்படி இருப்பான், மோகனா எப்படி நிற்பாள், வைத்தியின் சவடால் எப்படி இருக்கும் என்று பத்து வருஷத்துக்கு முன்பே பார்த்து வைத்துக் கொண்டு போனார்கள். எங்கள் பாட்டி நாகேஷைத் திரையில் பார்த்ததும், "ஆமாம், அவனேதான்!" என்றாள். முன் பின் பார்த்திராதவனை 'அவனேதான்' என்று சொல்ல முடியுமா?

கோபுலுவின் கையில் உருவம் பெற்ற இன்னொரு பிரபலமான கதை, 1963-இல் சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்'. அமெரிக்காவின் தலைநகரத்தில் தஞ்சாவூர்க் கல்யாணம் நடந்தால் எப்படியிருக்கும் என்ற வேடிக்கைக் கற்பனை அது. அப்பளம் உலர்த்துவதும் சம்பந்திச் சண்டையும் அங்கே நடக்கின்றன. பஞ்சகச்சமும் மேல்நாட்டுக் கவுனும் ஒரே சட்டத்துக்குள் நின்றால் எழும் சிரிப்பில் பாதி சாவியுடையது என்றால், மறு பாதி கோபுலுவுடையது. தேவனுடைய துப்பறியும் சாம்புவையும் அவர் பிற்காலத்தில் கட்டம் கட்டமான சித்திரத் தொடராக வரைந்தார். சாம்புவுக்கு முதலில் உருவம் கொடுத்தவர் ராஜு. ஒரு சித்திரக்காரர் பிரபலப்படுத்திய முகத்தை இன்னொருவர் எடுத்து வரைந்து வாசகர்களை ஒப்புக் கொள்ளச் செய்வது சாமான்ய காரியமல்ல.

1963-இல் கோபுலு பத்திரிகை உத்தியோகத்தை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார். 1972-இல் 'ஆட் வேவ்' என்ற விளம்பர ஸ்தாபனத்தைச் சொந்தமாக ஆரம்பித்தார். இதைக் கேட்டுச் சிலர், "ஐயோ, கலைஞர் வியாபாரத்துக்குப் போய்விட்டாரே!" என்று பெருமூச்சு விடக் கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்திரக்காரருக்கும் குடும்பம் உண்டு. அரிசி கடையில் கோட்டுச் சித்திரத்துக்கு அரிசி கொடுப்பதில்லை. மேலும், பத்திரிகைகளுக்கு வரைவதை அவர் அடியோடு நிறுத்திவிடவும் இல்லை. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. கதைப் படத்தின் மூலையில் 'கோபுலு' என்று தமிழில் சின்னதாக ஒரு கையெழுத்து இருக்கும். விளம்பரப் படத்தில் சாதாரணமாக அதுவும் கிடையாது. ஊர் முழுவதும் பார்க்கும்; கை யாருடையது என்பது ஒருவருக்கும் தெரியாது.

முதுமையில் அவருக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. பக்கவாதத்தினால் வலது கை முடங்கிற்று. அறுபது வருஷப் பழக்கமுள்ள கை அது. வேறொருவராயிருந்தால், "போதும், நிறையவே வரைந்தாயிற்று" என்று தூரிகையைக் கீழே வைத்திருப்பார். அப்படி வைத்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கோபுலு இடது கையினால் வரையப் பழகினார். சிறு பிள்ளை அகரம் எழுதப் பழகுவது போல், மாலியின் சிஷ்யர் மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 29-ஆம் தேதி, தொண்ணூறு வயது நிறைந்த நிலையில் சென்னையில் அவர் காலமானார்.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்த தம்பியின் பேத்தி, "பெரிய தாத்தா! இவர் கார்ட்டூன் சினிமா எடுக்கவில்லையா? இவருடைய படங்கள் ஏற்கெனவே அசைகிற மாதிரிதானே இருக்கின்றன?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. சித்திரத்தைத் திரையில் அசையச் செய்ய வேண்டுமானால் ஒரு விநாடிக்கு இருபத்து நாலு சட்டங்கள் ஓட வேண்டும். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்துக் கொண்டாலும், ஒரு நிமிஷப் படத்துக்கு எழுநூற்று இருபது சித்திரங்கள் ஆகும். இதற்கு ஒரு மனிதரின் கை போதாது. பெரிய ஸ்தாபனம் வேண்டும். நம் தேசத்தில் இந்திய சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷன் பம்பாயில் கார்ட்டூன் பகுதி ஒன்றை வைத்து நடத்திற்று. 1956-இல் அமெரிக்காவின் டிஸ்னி ஸ்தாபனத்தில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்பவர் அங்கே வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் ஒருவரான ராம் மோகன் பிற்காலத்தில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர் பெற்று, 2019-இல் காலமானார். ஆனால் வாரப் பத்திரிகையின் சித்திரக்காரர் திரைக்கும் போய்ப் புஸ்தகத்துக்கும் வரும்படியான பாதை தமிழ் நாட்டில் அப்போது இல்லை.

அந்தப் பாதை உள்ள தேசமும் உண்டு. ருஷ்யாவில் விளாடிமிர் சுதேயெவ் என்று ஒரு சித்திரக்காரர் இருந்தார். 1903-இல் மாஸ்கோவில் பிறந்தவர். பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார்; 1925-இல் வெளிவந்த, அந்நாட்டின் ஆதி கார்ட்டூன் படங்களில் ஒன்றில் வேலை செய்தார்; சோயுஸ்முல்ட்பிலிம் என்ற சர்க்கார் ஸ்தாபனத்தில் படங்களை இயக்கினார். யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு, குழந்தைகளுக்குப் புஸ்தகம் செய்ய முற்பட்டார். கோழிக் குஞ்சும் வாத்துக் குஞ்சும் காளானடியில் ஒதுங்கும் எறும்பும் அவருடைய கதாபாத்திரங்கள். கதையும் அவருடையதே, படமும் அவருடையதே. வலது கையால் படம் வரைந்து கொண்டே இடது கையால் எழுதுவார் என்றுகூட அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1993-இல் அவர் காலமானார். ஆனால் அந்தப் புஸ்தகங்கள் படங்களோடேயே இன்றும் அச்சாகின்றன. படத்தை எடுத்துவிட்டால் அங்கே புஸ்தகமே இல்லை என்பது பதிப்பிப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பிறர் எழுதிய கதைக்குப் படம் போட்டவர்களையும் அந்நாட்டார் மறைக்கவில்லை. முன்பு மாஸ்கோவிலிருந்து நமக்குத் தமிழில் வந்த மலிவு விலைக் குழந்தைப் புஸ்தகங்களை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் பெயருடன் ஓவியர் பெயரும் உள்ளே அச்சிட்டிருக்கும்.

நம் சித்திரக்காரர்களோ பிறர் கதைக்குப் படம் போட்டே காலம் கழித்தவர்கள். கோபுலு மட்டுமல்ல, 1950 முதல் 1954 வரையில் 'கல்கி' பத்திரிகையில் வந்த பொன்னியின் செல்வனுக்குப் படம் போட்ட மணியமும் அப்படியே. வந்தியத்தேவனும் நந்தினியும் எப்படி இருப்பார்கள் என்று தமிழர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். இன்று கடைகளில் அந்த நாவலின் மலிவுப் பதிப்புகள் எத்தனையோ கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் மணியத்தின் ஒரு கோட்டைக்கூடக் காண முடியாது. அச்சுக்கு வரைந்த மூலச் சித்திரங்கள் எல்லாம் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டன என்று சொல்வதற்கில்லை. பல படங்களுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் சாட்சி, வீட்டுப் பெண்மணிகள் கம்பியை நிமிர்த்தி எடுத்துக் கட்டி வைத்த இந்தப் பழைய புஸ்தகங்கள்தாம். அவையும் இப்போது பரணில்லாத வீடுகளுக்குக் குடி பெயரும்போது கிலோக் கணக்கில் விலை போகின்றன.

தம்பியின் அபிப்பிராயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவன் தோல்வியை ஒப்புக் கொள்கிற சுபாவமுள்ளவன் அல்ல. புறப்படும்போது, "அண்ணா! உன் அலமாரியில்தான் இடம் இல்லையே? தில்லானாவை மட்டும் நான் கொண்டு போய் வைத்திருக்கிறேன், குழந்தை படத்தைப் பார்த்து வரைந்து பழகட்டும்" என்றான். புதுப் பதிப்பை எனக்கு விட்டுவிட்டு அம்மாவின் புஸ்தகத்தை அவன் எடுத்துப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்துப் பேத்தி ஒரு தாளைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினாள். ஒத்துக்காரரின் கையை மட்டும் பதினாறு தடவை வரைந்திருந்தாள். பதினாறாவது கை கொஞ்சம் ஒத்துக்காரருடைய கை மாதிரி இருந்தது.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய தொடர்கதைகளை அச்சிடும்போது, உரிமை உள்ளவர்களிடம் முறையாக அனுமதி பெற்று, படங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். எல்லாப் படங்களுக்கும் இடமில்லையென்றால் அத்தியாயத்துக்கு ஒன்றாவது போடுங்கள். அதுவும் முடியாவிட்டால், 'பத்திரிகையில் வெளியானபோது படம் வரைந்தவர் இன்னார்' என்று ஒரு வரியாவது சேருங்கள். அந்த ஒரு வரிக்கு அதிகக் காகிதம் செலவாகாது.

வாசகர்களாகிய நாமும் செய்யக் கூடிய காரியம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் கட்டி வைத்த தொடர்கதை இருந்தால் இன்றைக்கே கீழே இறக்குங்கள். தூசியைத் தட்டி, படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தைப் பூதக் கண்ணாடி வைத்தாவது படியுங்கள். பிறகு முதல் பக்கத்தில், கதாசிரியரின் பெயருக்குக் கீழே அந்தப் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் இருந்த இருபத்து மூன்று புஸ்தகங்களில் இருபதுக்கு எழுதியாயிற்று. மீதி மூன்றில் கையெழுத்து பைண்டருடைய தையலுக்குள் போய்விட்டது. நூலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டும்.